மைன்கிராஃப்ட்ல தேன் எடுக்கது எப்படி இருக்கு? ஒரு மார்த்தாண்டத்துக்காரனுக்க ரிவ்யூ

மைன்கிராஃப்ட்ங்கிறது எல்லாமே சதுரக் கட்டையால ஆன ஒரு உலகத்துல வெட்டி, கட்டி விளையாடுற கேம். இதுக்கு ரிவ்யூ எழுதுறவங்க எல்லாரும் வைரம் வெட்டுறதையும் டிராகனை கொல்லுறதையும் பத்தி தான் எழுதுறாங்க, எனக்கு ரெண்டுமே பெருசா படல. நான் சொல்ல வந்தது தேனடை எடுக்கத பத்தி மட்டும் தான். எங்க வீட்டுல அப்பா காலத்துலருந்தே தேன் பெட்டி உண்டு, குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்துல வச்சிருக்கோம், அதனால கேம்ல தேனீ இருக்குன்னு அண்ணனுக்க மவன் சொன்னதும் என்னதான் பண்ணி வச்சிருக்கான்னு பாக்க போன்ல வாங்கிப் போட்டேன். கொள்ளாம் மக்கா. காசு வீணாப் போவல.

தேனீ 2019 டிசம்பர்ல வந்த அப்டேட்ல தான் உள்ள வந்துச்சு. சமவெளியில நிக்கிற ஓக் மரத்துல அபூர்வமா கூடு தொங்கும், மெடோன்னு சொல்லுற மலைப்புல்வெளியில ஒத்தையா ஒரு மரம் நின்னா அதுல கண்டிப்பா இருக்கும், அதனால தேடி அலையாம நேரா அங்க போங்க. ஒரு கூட்டுல அதிகபட்சம் மூணு தேனீ. ஆமா, மூணே மூணு! நம்ம பெட்டியில ஆயிரக்கணக்குல கிடக்கும், இதுல மூணு பேரு சேந்து மொத்த வேலையும் பாக்குது, சிரிப்பா தான் இருக்கு. ஆனா வேலை நடக்கிற விதம் சரியா இருக்கு. பூவுக்குப் போகும், மகரந்தம் ஒட்டிக்கிட்டு வரும், கூட்டுக்குள்ள கொஞ்ச நேரம் இருக்கும், தேன் அளவு ஒண்ணு ஏறும், அஞ்சு ஆனா கூட்டு வாயில தேன் வழியும். அப்ப கத்திரி போட்டா தேனடை மூணு, கண்ணாடி பாட்டில் புடிச்சா ஒரு பாட்டில் தேன். மழையிலயும் ராத்திரியும் வெளிய வராது. வர்ற வழியில கோதுமை கேரட் மேல பறந்தா அதுவும் வெரசா வளரும், மகசூலுக்காகவே தோட்டத்துல பெட்டி வைக்கிறவங்களுக்கு இது சொல்லிக் குடுக்க வேண்டாம்.

எனக்கு ரொம்ப புடிச்சது புகை. கூட்டுக்கு கீழ அஞ்சு கட்டைக்குள்ள கேம்ப்ஃபயர் எரியணும், புகை மேல போகணும், அப்ப தான் தேனீ சும்மா இருக்கும். புகை இல்லாம கை வச்சா மூணும் சேந்து விரட்டி விரட்டி குத்தும், நார்மல் லெவல்ல 10 செகண்ட் விஷம் ஏறும், குத்துன தேனீ கொஞ்ச நேரத்துல செத்துடும். நாங்க கதம்பல், அதான் தேங்காய் மட்டை, பத்த வச்சு பைய புகை காட்டுறோம்லா, அதே முறை தான். ஒரு விஷயம், நெருப்ப கூட்டுக்கு நேர் கீழ திறந்த இடத்துல வச்சா வெளிய வர்ற தேனீ அதுல விழுந்து கருகும், தரையில குழி தோண்டி உள்ள இறக்கி வைங்க. போன்ல விளையாடுறவங்க இன்னும் கவனிக்கணும், கத்திரிய கையில வச்சுட்டு சும்மா தட்டணும், விரல அமுக்கிப் புடிச்சா கூடே உடைஞ்சு போவும்.

கூட்ட இடம் மாத்துறதும் நம்ம ஆளுங்க பண்ணுறது போலவே தான். சில்க் டச்னு, எதையும் சிதையாம முழுசா எடுக்க வைக்கிற மந்திரம் போட்ட கருவியால ராத்திரி உடைச்சா உள்ள இருக்கிற தேனீயோட கூடு கையில வந்துடும், வீட்டுப் பக்கம் கொண்டு வச்சுக்கலாம். சீசனுக்கு பெட்டிய வண்டியில ஏத்துறதும் தேனீ எல்லாம் அடைஞ்ச பிறகு ராத்திரி தானே. கேம் பண்ணுனவன் எவனோ நேர்ல பாத்திருக்கான்னு அங்க தான் தோணிச்சு.

இனி குறை. ராணி இல்ல. ராணி இல்லாம என்ன கூடு? ரெண்டு தேனீக்கு பூவ காட்டுனா குட்டி போடுது, அவ்வளவு தான், கூடு பிரியுறது புது ராணி வர்றது ஒண்ணுமே கிடையாது. நோயும் இல்ல. 90கள் தொடக்கத்துல தேனீப் புழுவ கொல்லுற தாய் சாக்புரூட்ங்கிற வைரஸ் வந்து நம்ம ஊர்ப் பெட்டியெல்லாம் காலியா கிடந்தத கேட்டு வளந்தவனுக்கு இது ரொம்ப லேசா தெரியும், ஆனா பிள்ளைங்க விளையாடுறதுக்கு அதெல்லாம் வச்சா அழுதுடுவாங்க, விட்டுடலாம். இன்னொண்ணு, பூ இல்லேன்னா இந்த தேனீ ஒரு துளியும் சேக்காது. ரப்பர் தேன் பூவுலருந்தா வருது? இலை உதிர்ந்து புதுத் தளிர் விடும்போது காம்புல ஊறுற தேன தான் எடுக்குது, 1920கள்லயே ஒய்எம்சிஏ சொல்லிக்குடுத்து பெட்டி வளர்ப்பு பிடிச்சுக்கிட்ட ஊருல்லா இது, இலையிலருந்தும் தேன் வரும்னு அடுத்த அப்டேட்ல வச்சா சந்தோஷம்.

தேனடை எடுத்து என்ன பண்ணன்னு கேட்டா நிறைய இருக்கு. ஆறு பலகை மூணு தேனடை வச்சா புதுப் பெட்டி. நூலும் தேனடையும் சேத்தா மெழுகுவர்த்தி. செம்புல வீடு கட்டுறவங்களுக்கு இது இல்லாம முடியாது, செம்புக்கட்டை வெளிய இருக்க இருக்க பச்சை பிடிக்கும், தேனடைய மேல தேய்ச்சுட்டா எந்த நிறத்துல இருக்கோ அப்படியே நிக்கும், வேண்டாம்னா கோடாலியால சுரண்டிக்கலாம். நாலு பாட்டில் தேன் ஒரு தேன் கட்டை ஆகும், அது மேல விழுந்தா அடி 80 சதவீதம் குறையும். பாட்டில குடிச்சா விஷம் இறங்கும், பசியும் அடங்கும்.

நிறைய வேணும்னா கூட்டுக்கு முன்னால டிஸ்பென்சர், அதான் உள்ள போட்ட பொருள தானா பயன்படுத்துற பெட்டி, வச்சு அதுக்குள்ள கத்திரி போட்டு ரெட்ஸ்டோன்னு கேம்ல கரண்ட் மாதிரி இருக்கிறத இழுத்தா அதுவே வெட்டும், தேனீக்கு கோவமும் வராது, புகையும் வேண்டாம். எனக்க மருமவன் அப்படித் தான் வரிசையா அடுக்கி வச்சிருக்கான். எனக்கு அது பிடிக்கல, புகை போடாம தேன் எடுக்கதுல என்ன இருக்கு. கையாலயே தான் எடுப்பேன்.

அஞ்சுக்கு நாலு ஸ்டார். ஒரு ஸ்டார் ராணிக்காக புடிச்சு வச்சிருக்கேன். புதுசா தொடங்குறவங்க கூடு கிடைக்கலன்னு வெப்ராளப்பட வேண்டாம், பூ பக்கத்துல ரெண்டு கட்டைக்குள்ள ஓக் கன்னு நட்டு வளத்தா 5 சதவீத வாய்ப்பு இருக்கு, கன்னு வெரசா வளர எலும்புத்தூள் கையில நிறைய வச்சுட்டு நட்டுட்டே இருங்க.