மொட்டை வெயிலில் மரத்தளம்: தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் எந்தக் கட்டை தாங்குகிறது

தளி, தேன்கனிக்கோட்டைத் தோட்ட வீட்டில் போட்ட மரத்தளமும் காரிமங்கலத்தில் போட்டதும், ஒரே மரமாக இருந்தாலும் ஒரே மாதிரி மூப்படைவதில்லை. மேட்டுப் பக்கம் குளிரும் சாரலும் சேர்ந்து பாசி பிடிக்கும். கீழே சித்திரை வெயிலில் பலகை வெடிக்கும். அழுகல் மட்டும் இரண்டு ஊரிலும் ஒரே இடத்தில்தான் தொடங்குகிறது: பலகை அடிச்சட்டத்தின் மேல் உட்காரும் இடம், அடுத்தது பலகையின் வெட்டுமுனை. வெயில் படும் மேல்முகம் மழை விட்டதும் காய்ந்துவிடும். அந்த இடுக்கு காயாது.

தேக்கு என்றால் போதும் என்று நினைப்பதுதான் பெரிய தவறு. கடையில் கானா தேக்கு, பர்மா தேக்கு, நாட்டுத் தேக்கு என்று கேட்பார்கள். நாட்டின் பெயரைவிட வைரம், அதாவது நடுவிலுள்ள கெட்டிக் கட்டை, எவ்வளவு என்பதுதான் கணக்கு. வயசு குறைந்த மரத்தில் வெள்ளை, அதாவது வைரத்தைச் சுற்றியுள்ள இளங்கட்டை, அதிகம். பலகையின் ஓரத்தில் வெளிறிய பட்டையாகத் தெரியும். வைரம் அப்படியே நிற்க, அந்த ஓரம் முதலில் உளுக்கும், கறையானும் அங்கேதான் ஏறும். எண்ணெய் பூசிய பிறகு இரண்டும் ஒரே நிறமாகிவிடும் என்பதால், இழைத்துப் பூச்சு போடாத பலகையாகவே பார்த்து எடுங்கள். கைக்குக் கிடைத்தால் பழைய வீட்டு உத்தரத்துக்குத்தான் முதல் இடம். பல காலம் காய்ந்த கட்டை, முறுக்காது. மில்லுக்கு அனுப்புமுன் காந்தம் வைத்துத் தடவுங்கள். உள்ளே ஒரு பழைய ஆணி இருந்தால் இழைப்பு மிஷின் பிளேடு போச்சு.

வேங்கை தேக்கைவிடக் கனம், உழைப்பும் நல்ல உழைப்பு. ஆனால் சாயம் விடும். முதல் மழையில் கீழே உள்ள சிமெண்ட் தரையிலும் சுவரிலும் காப்பிக் கறை போல இறங்கும், லேசில் போகாது. பொருத்துமுன் வெளியே அடுக்கி நாலைந்து முறை தண்ணீர் அடித்துக் காயவிட்டால் பெரும்பங்கு போய்விடும். அடிச்சட்டத்துக்கு எங்கள் தேர்வு வேங்கைதான். கருமருது பலமான மரம், உத்தரத்துக்கு நல்லது. மேல்பலகையாகப் போட்டால் வெயிலில் மயிரிழை வெடிப்பு விட்டு, பிறகு சிலாம்பு எழும்பும், வெறுங்காலோடு நடக்க முடியாது. வேம்பைக் கறையான் தொடாது என்பது சரி. அது வளைவதை யார் நிறுத்துவது? தைல மரம் பேச்சுக்கே வேண்டாம். பனங்கை (பனைமரச் சட்டம்) ஓட்டுக் கூரைக்கடியில் தலைமுறை தாண்டும். மழையில் கிடந்தால் உள்சோறு, அதாவது உள்ளே இருக்கும் மென்மையான பகுதி, ஊறிவிடும்.

10க்கு 10 அடித் தளத்துக்கு அளவு இப்படி வரும். பலகை 4 அங்குல அகலம், இழைத்தபின் 1 அங்குல கனம். இழைப்புக்குச் சேர்த்து ஒன்றேகால் அங்குலமாக அறுத்தால் 10.4 கன அடி, சேதாரத்தோடு 11.5. அடிச்சட்டம் 3க்கு 2 அங்குலம், பதினைந்து அங்குலத்துக்கு ஒன்றாக 9 சட்டம், 3.75 கன அடி. 6 அங்குலப் பலகை வேலை குறைக்கும் என்று சொல்வார்கள்; அகலம் கூடினால் ஓடு மாதிரிக் குழியும், குழியில் தண்ணீர் நிற்கும்.

தாங்கலுக்கு நம் பக்கத்தில் கல்லுக்குப் பஞ்சமில்லை. வேலிக்கு நடும் கல்காலையே செங்கல் வரிசை மேல் படுக்கவைத்து, 40 அங்குலத்துக்கு ஒரு வரிசையாக நாலு வரிசை போட்டால் மரம் மண்ணைத் தொடாது. தரைக்கும் சட்டத்துக்கும் அரை அடியாவது காற்றோட்டம் வேண்டும். சட்டத்தின் மேல்முகத்தில் தார்ப்பட்டை ஒட்டிவிட்டுப் பலகை போடுங்கள். இந்த ஒரு வேலையைத் தவிர்த்த தளங்களில்தான் சட்டம் பலகைக்கு முன்னால் போகிறது.

ஸ்க்ரூ 304 ஸ்டெயின்லெஸ், எட்டாம் நம்பர், இரண்டரை அங்குலம், மேலே சொன்ன அளவுக்கு சுமார் 525. இரும்பு ஸ்க்ரூ போட்டால் மரத்திலுள்ள துவர்ப்போடு சேர்ந்து தலையைச் சுற்றிக் கருப்பு வழியும். வேங்கையில் இன்னும் மோசம். 3 மி.மீ பிட்டில் துளையிடாமல் முடுக்கினால் முனை பிளக்கும். காய்ந்த பலகைகளுக்கு நடுவே 5 மி.மீ சந்து விடுங்கள். பச்சைப் பலகை தேக்கிலேயே 4 மி.மீ வரை சுருங்கும் என்பதால் அதற்குச் சந்துக் கணக்கே நிற்காது. ஈரப்பதம் 12 சதவீதத்துக்குப் பக்கத்தில் வரும்வரை நிழலில் அடுக்கி வையுங்கள்.

வார்னிஷ், பி.யூ. (பாலியூரிதேன் பூச்சு) இரண்டும் திறந்த வெளியில் தோல் உரிவது போல உரியும், பிறகு முழுக்கச் சுரண்ட வேண்டும். எண்ணெய் என்றால் வருஷம் ஒருமுறை போதும். பொருத்துமுன் ஆறு பக்கமும் பூசுங்கள், வெட்டுமுனைக்கு இரண்டு கை. ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானே சூடேறித் தீப்பிடிக்கும், விரித்துக் காயவிடுங்கள். எண்ணெயே பூசாவிட்டால் தேக்கு சாம்பல் நிறமாகும், அதனால் பலம் குறையாது.

அதே லாட்டில் நாலைந்து பலகை கூடுதலாக வாங்கி, வீட்டுக்குள் வைக்காமல் வெயில் படும் இடத்தில் கல் மேல் அடுக்கிவிடுங்கள். மூன்றாம் வருஷம் ஒன்றை மாற்றும்போது நிறம் ஒட்டிப்போகும்.