மாதவரம் யார்டில் 'ரேஸ் டிரைவிங் ஸ்கூல்': பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

மாதவரத்திலிருந்து மணலி போகும் பக்கம், காலியாகக் கிடக்கும் கன்டெய்னர் யார்டு ஒன்றை ஞாயிற்றுக்கிழமைகளில் வாடகைக்கு எடுத்து, பெரியவர்களுக்கு ரேஸ் ஓட்டக் கற்றுத்தருகிறோம் என்று ஒரு கூட்டம் காசு வாங்கிக்கொண்டிருக்கிறது. 2024-ல் தீவுத்திடலைச் சுற்றி இரவு கார் பந்தயம் நடந்ததிலிருந்து இந்த ஆசை நம்ம பக்கத்துப் பசங்களுக்கு மட்டுமில்லை, நாற்பதைத் தாண்டியவர்களுக்கும் வந்துவிட்டது. பெயரைப் போடவில்லை. போட்டாலும் அடுத்த பேட்ச்சுக்கு வேறு பெயரில் வருவார்கள். எதைச் சொல்லிப் பணம் வாங்கினார்கள், எதைக் கொடுத்தார்கள், கேட்டில் நிற்கும்போதே எதைப் பார்த்துத் திரும்பியிருக்கலாம் என்பதுதான் இங்கே முக்கியம்.

சொன்னது: ஃபார்முலா கார் (ஒற்றை சீட், சக்கரம் வெளியே தெரியும் பந்தயக் கார்), நாள் முழுக்க டிராக், முடிவில் ரேஸ் லைசென்ஸ், கூடவே 'சோழவரம் பாரம்பரியம்'. கட்டணம் 18,000, டெபாசிட் 10,000, இரண்டுமே ஜிபேயில் ஒரு தனி ஆளின் நம்பருக்கு. சோழவரம் என்றால் வட சென்னையில் பழைய ஆட்கள் உடனே இளகிவிடுவார்கள். அந்தப் போர்க்கால விமான ஓடுதளத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல வருடம் பந்தயம் நடத்தியது உண்மைதான். ஆனால் அதெல்லாம் 1990 வாக்கில் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்குப் போய்விட்டது. அந்தப் பாரம்பரியத்துக்கும் இந்த யார்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

'நாள் முழுக்க' என்பதற்குக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பேட்ச்சில் 12 பேர், கார் இரண்டு. ஆக ஒரு காருக்கு 6 பேர். வகுப்பு, சாப்பாடு, போட்டோ போக மிஞ்சுவது நாலு மணி நேரம், அதாவது 240 நிமிடம். தலைக்கு 40 நிமிடம் வருகிறது. அதில் ஆள் மாறி, சீட்டைத் தள்ளி, பெல்ட்டைச் சரிசெய்ய ஒவ்வொரு தடவையும் நிமிடங்கள் கரையும். கார் ஒழுங்காக ஓடினாலே ஒருவருக்கு அரை மணி நேரம்தான். நான் சொல்லும் ஞாயிறன்று ஒரு கார் மதியமே சூடேறி நின்றுவிட்டது, பாதிப் பேருக்கு அதுவும் கிடைக்கவில்லை. எந்தப் பள்ளியாக இருந்தாலும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "எனக்கு ஸ்டீயரிங் பிடித்து ஓட்ட எத்தனை நிமிடம்?" என்பதுதான். எத்தனை பேருக்கு எத்தனை கார், ஒன்று நின்றால் மாற்றுக் கார் உண்டா என்பதையும் வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள்.

இடம் இன்னும் மோசம். கன்டெய்னர் யார்டின் கான்கிரீட் தளம் லாரிக்காகப் போட்டது. ஸ்லாப்புகளுக்கு நடுவே இடைவெளி, ஃபோர்க்லிஃப்ட் சிந்திய டீசல், ஆணி, பெட்டியின் அடியிலிருந்து உதிர்ந்த இரும்புத் துண்டு எல்லாம் அதில் கிடக்கும். ரேஸ் டிராக் என்றால் வளைவுக்கு வெளியே கார் வழுக்கிப் போய் நிற்க இடம் இருக்கும், அதற்கும் அப்புறம்தான் டயர் தடுப்பு. இங்கே வளைவுக்கு வெளியே இருப்பது அடுக்கிவைத்த கன்டெய்னரின் மூலை. கோன் வைத்து 40 கிலோமீட்டர் வேகத்தில் வளைத்து ஓட்டப் பழக இந்த இடம் போதும், அதில் தப்பில்லை. 80-ல் போய் பிரேக் அடிக்கச் சொல்வதற்கு இது இடமில்லை. கொடி பிடிக்க மார்ஷல் ஒருவர்கூட இல்லை, ஆம்புலன்ஸும் இல்லை. டீக்கடை ஸ்டூல் மேல் ஒரு தீயணைப்பான் இருந்தது, அதன் அழுத்தம் காட்டும் முள் சிவப்பில் நின்றது.

இனி கார். ஃபார்முலா கார் 'சர்வீஸுக்குப் போயிருக்கிறது' என்று சொல்லி, கார் புரண்டால் ஆளைக் காக்க என்று உள்ளே குழாய்க் கூண்டு (ரோல் கேஜ்) வைத்த பழைய மாருதி எஸ்டீம் ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பழைய செடானில் கற்றுக்கொள்வதில் குறை ஒன்றும் இல்லை, ஆரம்பத்துக்கு அதுதான் நல்லதும்கூட. அந்தக் குழாய்தான் பயமுறுத்துகிறது. சர்வதேச விதிப்படி ரோல் கேஜின் பிரதான வளையம் தையல் இல்லாத, குளிர்முறையில் இழுத்த கார்பன் ஸ்டீலில், 45 மி.மீ. விட்டம் 2.5 மி.மீ. தடிமன், இல்லையென்றால் 50-க்கு 2 மி.மீ. இருக்க வேண்டும். கால் ஊன்றும் இடத்தில் 3 மி.மீ. தகடு, பாடியில் குறைந்தது 120 சதுர செ.மீ. வலுவூட்டுத் தகடு, குறைந்தது மூன்று எம்8 (8 மி.மீ.) போல்ட். இவர்களுடையது வீட்டுக்குத் தண்ணீர் இழுக்கிற ஜிஐ பைப். பெயின்ட் அடித்திருந்தாலும் நீளவாக்கில் தையல் கோடு விரலுக்குத் தட்டுப்படுகிறது. அதைத் தகடே இல்லாமல் நேராகத் தரையின் ஷீட்டில் வெல்டு வைத்திருந்தார்கள். கார் புரண்டால் அந்தக் குழாயின் கால் தரையைக் கிழித்துக்கொண்டு கீழே இறங்கும், வளையம் ஓட்டுபவரின் தலைக்கு வரும். கேஜே இல்லாத கார் இதைவிடப் பரவாயில்லை, ஏனென்றால் ஹெல்மெட் மோதுகிற தூரத்தில் பஞ்சு சுற்றாத இரும்பாவது இருக்காது.

பந்தய சீட் பெல்ட்டில் ஒரு தையல் லேபிள் இருக்கும், அதில் எந்த வருடம் வரை செல்லும் என்று அச்சடித்திருக்கும். இந்த காரில் லேபிள் இருந்த இடத்தில் பிளேடால் வெட்டிய நூல் முனைகள் மட்டும் இருந்தன. வெயிலில் வெளுத்த நாடாவுக்குப் பலம் போய்விடும், பார்வைக்கு நன்றாகத்தான் தெரியும். தோள் பட்டைகள் தோளிலிருந்து ஏறக்குறைய நேராகப் பின்னால் போய்க் கட்டப்பட வேண்டும். பின்சீட்டுத் தரையில் கொக்கி போட்டால், மோதும்போது பட்டை தோளைக் கீழே அழுத்தி முதுகெலும்பை நசுக்கும். இடுப்புப் பட்டை வயிற்றில் அல்ல, இடுப்பெலும்பில் உட்கார வேண்டும். முதலில் அதை இறுக்கிவிட்டுத்தான் தோள் பட்டை. இந்த வரிசையே தெரியாத ஆள் அங்கே 'இன்ஸ்ட்ரக்டர்'.

ஹெல்மெட் எல்லாம் ஐஎஸ்ஐ முத்திரை போட்ட பைக் ஹெல்மெட். ரோட்டுக்கு அது சரி. கார் பந்தயத்துக்கு ஸ்னெல் எஸ்ஏ (கார் பந்தய ஹெல்மெட்டுக்கான தரம்) வகையோ, எஃப்ஐஏ என்ற சர்வதேச மோட்டார் பந்தயக் கூட்டமைப்பின் முத்திரை உள்ளதோ வேண்டும், ஏனென்றால் அதன் உள்துணி தீப்பிடிக்காத ரகம். பொது ஹெல்மெட் என்றால் உள்ளே தலைக்குப் போடும் நோமெக்ஸ் (எளிதில் தீப்பிடிக்காத) துணியாவது கேளுங்கள், வியர்வைக்கும் சேர்த்து உதவும்.

பிரேக்கை ஓட்டாமலே சோதிக்கலாம். பானட்டைத் திறக்கச் சொல்லிப் பிரேக் ஆயில் டப்பாவைப் பாருங்கள். புதிய ஆயில் வெளிர் மஞ்சள், இங்கே கடுங்காப்பி நிறம். டாட் 3 ரகப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரியில்தான் கொதிக்கும், ஈரம் குடித்த பிறகு 140-லேயே கொதித்துவிடலாம். எண்ணூர், மணலிக் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்! திரும்பத் திரும்ப அழுத்திப் பிரேக் அடிக்கும்போது ஆயில் கொதித்துக் குமிழி கட்டும், பெடல் தரை வரைக்கும் போகும், கார் நிற்காது. அன்று அதுதான் நடந்தது. கோன்களை இடித்ததோடு போனதால் தப்பித்தார்கள். நல்ல பள்ளியில் டாட் 4 அல்லது 5.1 புதிதாக ஊற்றியிருப்பார்கள், கடைசி ரவுண்டைப் பிரேக் தொடாமல் மெதுவாக ஓட்டி ஆறவிடச் சொல்வார்கள், நிறுத்திய பிறகு ஹேண்ட் பிரேக் போடாதே, கியரில் விடு என்பார்கள். டயர் பக்கவாட்டில் நாலு இலக்கம் பாருங்கள்: 2316 என்றால் 2016-ன் 23-வது வாரம் செய்தது. அப்படிப்பட்ட டயரில் பட்டன் எவ்வளவு இருந்தாலும் ரப்பர் கட்டைதான்.

கற்றுக்கொடுத்தது என்னவென்றால், "மிதி, மிதி" என்று கத்தியது. முறையாகச் சொல்லித்தருபவர் கொடிகளிலிருந்து ஆரம்பிப்பார். மஞ்சள் என்றால் முந்தாதே, வேகத்தைக் குறை. சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தம், மெதுவாகப் பிட்டுக்கு (டிராக் ஓரத்தில் கார்கள் நிற்கும் இடம்) வா. மஞ்சளில் சிவப்புக் கோடு என்றால் வழுக்கும். அடுத்து உட்காரும் விதம்: முதுகு சீட்டில் ஒட்டியபடி கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் உச்சியில் படவேண்டும், கிளட்சை முழுசாக மிதித்தாலும் முழங்கால் சற்று மடங்கியிருக்க வேண்டும். அப்புறம் நேர்கோட்டில் பிரேக். காரின் எடை முன் சக்கரத்துக்கு வரும்வரை படிப்படியாக அழுத்தி, டயர் சுழலாமல் பூட்டிக்கொள்ளும் விளிம்பில் பிடித்து, வளைவுக்குள் போகப் போகப் பிரேக்கை விடுவது. எங்கே திருப்ப ஆரம்பிப்பது, வளைவின் உள்விளிம்பை எங்கே தொடுவது, எங்கே வெளியே விடுவது என்பதை டிராக்கில் நடத்திக் கூட்டிப்போய்க் காட்டுவார்கள். ஆரம்பக்காரர் எல்லாரும் சீக்கிரமாகத் திருப்பிவிடுவார்கள், வெளியேறும்போது ரோடு பத்தாது. அது சரியாகும்வரை பயிற்சியாளரின் கார் முன்னே போகும், நீங்கள் பின்னே. தனியாக ஓட்ட விடுவது அதற்கும் பிறகுதான்.

'லைசென்ஸ்' என்று கொடுத்தது பொன்னிற முத்திரை ஒட்டிய லேமினேட் அட்டை. இந்தியாவில் பந்தய உரிமம் தரும் அதிகாரம் எஃப்எம்எஸ்சிஐ என்ற மோட்டார் பந்தயக் கூட்டமைப்புக்கு மட்டும். எந்தப் பள்ளியும் அதைத் தானாக அச்சடித்துக் கொடுக்க முடியாது. தங்கள் சான்றிதழை அந்தக் கூட்டமைப்பு ஏற்குமா என்று கேளுங்கள், அதன் தளத்தில் நீங்களே சரிபாருங்கள்.

'சொந்தக் காரில் வந்தால் பாதிக் கட்டணம்' என்பது அடுத்த பொறி. நம்ம ஊர் தனியார் கார் இன்ஷூரன்ஸ் பாலிசியில் பந்தயம், வேகச் சோதனை இரண்டும் விலக்கு. யார்டில் இடித்தால் செலவு முழுக்க உங்கள் தலையில். காலையில் 'வார்ம்-அப்' என்று வெளிவட்டச் சாலையில் கூட்டிப்போய் விரட்டச் சொன்னது அதைவிட ஆபத்து. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 189-ன்படி பொது இடத்தில் பந்தயம் ஓட்டினால் முதல் தடவைக்கே மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஸ்டீயரிங் பிடித்தவர் பெயரில்தான் வழக்கு வரும், வாட்ஸ்அப்பில் கூப்பிட்டவர் காணாமல் போய்விடுவார்.

டெபாசிட் யாருக்கும் திரும்பி வரவில்லை. 'கிளட்ச் கருகிவிட்டது' என்று ஒரே காரை ஓட்டிய ஆறு பேரிடமும் தனித்தனியாகச் சொல்லியிருக்கிறார்கள், கிளட்ச் ஒன்றுதான். அதனால் ஏறுவதற்கு முன் காரைச் சுற்றி ஒரு வீடியோ எடுங்கள், எந்தச் சேதத்துக்கு எவ்வளவு என்று விலைப்பட்டியல் கேளுங்கள், கிளட்ச், பிரேக் தேய்மானம் உங்கள் பொறுப்பில்லை என்று எழுதி வாங்குங்கள். ரசீதில் ஜிஎஸ்டி எண் இருந்தால் தமிழ்நாட்டுக்கு அது 33-ல் தொடங்கும், எண்ணும் எழுத்துமாக 15 இடம், ஜிஎஸ்டி தளத்தில் போட்டால் யார் பெயர் என்று வரும். கிரெடிட் கார்டில் கட்டினால் வங்கியில் முறையிட்டுத் திரும்பக் கேட்கலாம், ஜிபேயில் போனது அவ்வளவு சுலபமில்லை.

ஏற்கெனவே கட்டி ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்து புகார் பதியுங்கள். பணம் வாங்கிக்கொண்டு வகுப்பே நடத்தாமல் நம்பரை அணைத்துவிட்டார்கள் என்றால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கும் உடனே சொல்லுங்கள். சேவைக் குறைபாட்டுக்கு வட சென்னை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் ஆணையக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், ஜிபே விவரம், உங்களிடம் கையெழுத்து வாங்கிய பாண்ட் (ஒப்பந்தத் தாள்) இருந்தால் அதன் போட்டோ, பெல்ட் லேபிள் வெட்டப்பட்ட இடத்தின் படம் ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். ஒரே பேட்ச்சில் போனவர்கள் ஒருவர் படத்தை இன்னொருவர் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது, அந்த யார்டில் பலருக்கு போனை உள்ளே கொண்டுபோக விடவில்லை.