சுங்கை சிப்புட்டுல மான் பெரட்டல்னா இந்தக் கடைதான்

அமெரிக்காவுல சீசன் தொடங்கினதுமே கிராஸ்போ (விசை வச்ச வில்லு) வச்சு மான் அடிக்கிற வீடியோவெல்லாம் பாத்துட்டு மான் கறிக்கு ஆசப்படுறவங்க, மலேசியா பேராக்ல இருக்கிற சுங்கை சிப்புட் பக்கம் வந்தா எஸ்டேட் ரோட்டோரம் இருக்கிற இந்த ஒட்டுக்கடைக்கு கண்டிப்பா போங்க. நம்ம தீபகற்ப மலேசியாவுல 2009லேயே காட்டு மான் வேட்டைக்கு தடை போட்டாங்க, அதனால இவங்க வாங்குறது பண்ணை மான்தான், கேட்டா ரசீதையே எடுத்து காட்டுறாங்க, எனக்கு அது ரொம்ப முக்கியம். மான் கறியில கொழுப்பு கம்மி, கொஞ்சம் அசந்தா ரப்பர் மாதிரி ஆயிடும், அக்கா மெல்லிசா வெட்டி மெளகு, சோம்பு, கறிவேப்பில போட்டு பெரிய தீயில சட்டுனு பெரட்டி எறக்கிடுறாங்க, ஓரம் லேசா கருகி உள்ள சாறு அப்படியே நிக்குது. சாம்பார் சுமார்தான். ஞாயித்துக்கெழமை மதியத்துக்குள்ள தீந்துடும், தாப்பாவ் (பார்சல்) வேணும்னா முன்னாடியே சொல்லி வச்சிடுங்க.