பியூனி: சவலையா, நோஞ்சானா, சுண்டைக்காயா?

கேரள எல்லையோரக் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டுத் திண்ணைக்குச் சாயங்காலம் ஏழெட்டுப் பிள்ளைகள் ஆங்கிலம் படிக்க வருவார்கள். எல்லாம் தமிழ் மீடியம். வீட்டில் கொங்குத் தமிழ், பஸ்ஸில் மலையாளம், பரீட்சைக்கு மட்டும் ஆங்கிலம். போன வாரப் பாடத்தில் 'பியூனி' (puny) என்று ஒரு சொல் வந்தது. அகராதியில் 'சிறிய, பலவீனமான' என்று போட்டிருந்தது. ஒருத்தி உடனே கேட்டாள்: "அப்ப எங்க ஆடு போட்ட மூணாவது குட்டி பியூனிங்களா டீச்சர்?"

அந்தக் குட்டியை நானும் பார்த்தேன். ஆட்டுக்குக் காம்பு இரண்டு, குட்டி மூன்று. முந்திய இரண்டும் வாலை ஆட்டிக்கொண்டு குடிக்க, மூன்றாவது நடுவில் புகப் பார்த்து, தள்ளுப்பட்டு, முன்னங்காலை மடக்கி உட்கார்ந்துவிடும். அதை அவள் புட்டிப்பால் கொடுத்துத் தேற்றுகிறாள். அகராதிப்படி அது பியூனிதான். ஆனாலும் அவள் வாயில் அந்தச் சொல் பொருந்தாது.

ஏனென்றால் பியூனியில் இளக்காரம் உண்டு. பக்கத்துச் சொற்களோடு வைத்துப் பார்த்தால் தெரியும். 'டைனி' வெறும் அளவுதான். கைக்குழந்தையின் விரலுக்குக்கூடச் சொல்லலாம், கொஞ்சலாகவே ஒலிக்கும். 'ஃபீபிள்' பலத்தை மட்டும் பேசும். ஆறடி ஆளும் காய்ச்சலில் ஒரு வாரம் கிடந்தால் ஃபீபிள். 'ஃப்ரெயில்' உடைந்துவிடுமோ என்று பதறுகிற சொல்; பார்சல் மேல் ஒட்டுகிற 'ஃபிரஜைல்' இதற்குக் கூடப்பிறந்தது, இரண்டுக்கும் லத்தீனில் ஒரே தாய். வயதான ஆத்தாவை ஃப்ரெயில் என்றால் அக்கறை, பியூனி என்றால் மரியாதைக்கேடு. பியூனி சொல்ல உருவமும் சிறுத்திருக்க வேண்டும், தெம்பும் இருக்கக்கூடாது, பெரும்பாலும் பக்கத்தில் பெரிதாக ஒன்று நிற்க வேண்டும். மலைக்கு முன்னால் மனிதன் பியூனி. வீட்டுக்குள் அதே ஆள் பியூனி இல்லை.

சரி, தமிழில் எதை வைப்பது?

எனக்கு முதலில் தோன்றியது சவலை. எங்கள் பக்கம் மெலிந்த பிள்ளையைப் பொதுவாகவே அப்படிச் சொல்வோம். உள்ளே போனால் பொருள் இன்னும் கூர்மை: அடுத்த பிள்ளை வந்துவிட்டதால் தாய்ப்பால் நின்றுபோய்த் தேயும் பிள்ளை. 1930களில் சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர், இன்றைய கானாவில் பேசும் கா மொழியிலிருந்து 'குவாஷியோர்கர்' என்ற பெயரை எடுத்து மருத்துவத்துக்குத் தந்தார். அதற்கும் ஏறக்குறைய இதே பொருள்தான். நம் இலக்கணக்காரர்களும் சும்மா விடவில்லை. இரண்டாம் அடிக் கடைசியில் தனிச்சொல் இல்லாமல் குறைந்து நிற்கும் வெண்பாவுக்குச் சவலை வெண்பா என்று பேர் வைத்தார்கள். மூதுரையில் 'அட்டாலும் பால்' என்று தொடங்கும் பாட்டை இதற்குக் காட்டுவார்கள். பாலைச் சொல்லித் தொடங்கும் பாட்டுக்குப் பால் கிடைக்காத பிள்ளையின் பேர்!

வேடிக்கை என்னவென்றால், பியூனியின் பூர்வீகமும் பிறந்த வரிசைதான். பழைய பிரெஞ்சில் 'பின்னால் பிறந்தவன்' என்ற பொருளில் வந்த சொல் அது. சட்டத்தில் அந்தப் பழைய பொருள் இன்னும் இருக்கிறது. தலைமை நீதிபதிக்கு அடுத்த நிலையில் உள்ளவர் 'பியூனி ஜட்ஜ்'. எழுத்து வேறு (puisne), உச்சரிப்பு இதேதான். கனடா உச்சநீதிமன்றத்தில் தலைமை நீதிபதி தவிர மற்ற எட்டுப் பேரும் பியூனி. சென்னை உயர்நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதி முத்துசாமி ஐயரும் பதவிப்படி பியூனி ஜட்ஜ்தான். அவரை நோஞ்சான் என்று யார் சொல்வது?

ஆக, ஆங்கிலத்தில் பின்னால் பிறந்தவன் மெலிந்தான். தமிழில் பின்னால் ஒன்று பிறந்ததால் முன்னது மெலிந்தது. நம் கடைக்குட்டிக்கோ செல்லம்தான் ஜாஸ்தி. அதனால் சவலையை நான் தள்ளிவிட்டேன். அதில் இரக்கம் இருக்கிறது, பியூனியில் அது இல்லை.

ஆளைக் குறிக்க நோஞ்சான்தான் சரியான ஜோடி என்பேன். "அந்த நோஞ்சான் என்னடா பண்ணிருவான்?" என்றால் உருவம், பலம், ஏளனம் மூன்றும் வந்துவிடுகிறது. மலையாளத்தில் 'நருந்து' என்பார்கள், அதுவும் நெருங்கி வரும். 'பீக்கிரி' பொடிசுகளைத்தான் சொல்லும். 'பொடியன்' எதற்கும் ஆகாது, நாளைக்கு வளர்ந்துவிடுவான். 'அற்பம்' என்று சில மொழிபெயர்ப்புகளில் பார்க்கிறேன், எனக்கு ஒப்பவில்லை. அற்பன் என்றால் குணத்தைச் சொன்னதாகிவிடும், பியூனி குணத்துக்குள் போவதில்லை.

மனிதனை விட்டுப் பணத்துக்கு வந்தால் நோஞ்சான் நிற்காது. அங்கே பிசாத்துக் காசு, சுண்டைக்காய்த் தொகை. நாட்டையும் சுண்டைக்காய் நாடு எனலாம். அரைமனசோடு செய்த பியூனி முயற்சிக்கு 'ஒப்புக்குச் செய்தது' என்று எழுதலாம், ஆனால் கேலி கொஞ்சம் குறைந்துபோகும். ஒரே சொல்லால் எல்லா இடத்தையும் அடைக்கப் பார்த்தால் வாக்கியம்தான் நோஞ்சானாகும்.

மறுநாள் அந்தப் பெண் சொந்தமாக ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் எழுதி வந்தாள். பொள்ளாச்சிச் சந்தைக்கு ஆடு ஏற்றும் வியாபாரி வீட்டுக்கு வந்து மூன்றாவது குட்டிக்கு விலை கேட்டிருக்கிறார். குட்டிக்கு 'டைனி' போட்டிருந்தாள். அவர் சொன்ன தொகைக்குப் 'பியூனி'.