வேள்வித் தீயா, காதுகளா? எம்.வி.வெங்கட்ராமை எதில் தொடங்கலாம்

கும்பகோணம் என்றதும் தி.ஜானகிராமனைச் சொல்லாதவர் இல்லை. அதே ஊரில் சரிகை வியாபாரம் செய்துகொண்டு எழுதிய எம்.வி.வெங்கட்ராமைப் (1920–2000) பற்றிக் கேட்டால் பலருக்கும் பெயர் மட்டும்தான் தெரிகிறது. ‘மணிக்கொடி’ இலக்கிய இதழில் எழுதத் தொடங்கியவர் அவர். அப்படிப்பட்டவரைப் பலர் படிக்காதது எனக்குப் பெரிய ஆதங்கம்.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் ‘காதுகள்’ நாவலைத்தான் கையில் எடுப்பார்கள். 1993-இல் சாகித்ய அகாதமி விருது வாங்கியது அது. மகாலிங்கத்தின் காதுக்குள் ஓயாமல் குரல்கள். ஏசுகின்றன, கெஞ்சுகின்றன, ஆபாசமாகப் பேசுகின்றன. வீட்டில் வறுமை கழுத்தை நெரிக்க, அவன் முருகனைப் பற்றிக்கொண்டு நிற்கிறான். இதில் பெரும்பகுதி ஆசிரியர் தாமே அனுபவித்தது. தமிழில் இதற்கு இணையாக இன்னொன்றை நான் படித்ததில்லை. ஆனால் பிடிமானம் இல்லாமல் நுழைந்தால் நாலு அத்தியாயத்திலேயே மூச்சு முட்டும்.

‘வேள்வித் தீ’ நாவல் அப்படியல்ல. சௌராஷ்டிர நெசவாளிகளின் உலகம்: தறி, கூலி, முதலாளி, ஒண்டுக் குடித்தனத்தின் நெருக்கம். நெசவாளி கண்ணனுக்கும் மனைவி கௌசலைக்கும் நடுவே இன்னொரு பெண் வரும்போது கதை சூடு பிடிக்கிறது. டெல்டா என்றாலே வயலும் ஆறும் அக்ரஹாரமும் என்று படித்துப் பழகியவர்களுக்கு பட்டு நெய்யும் தெரு புதுசு. மொழியில் அலங்காரம் கிடையாது, வேகம் உண்டு.

ஆகவே என் ஓட்டு ‘வேள்வித் தீ’க்கு. புராணக் கதையில் நாட்டமுள்ளவர்கள் மட்டும் மகாபாரதத்து மாதவியின் கதையான ‘நித்தியகன்னி’யில் தொடங்கலாம். ‘காதுகள்’ அதற்கப்புறம், அவசரமில்லாத ஒரு வாரத்தில்.