கங்குன் பெட்டியா, சுருள் குழாயா, பாசித் திரையா? மீன் தொட்டியில் நைத்திரேற்றைக் குறைக்கும் வீட்டு வழிகள்

எந்த ஃபில்டரைக் கட்டுவதற்கு முன்னும் தொட்டித் தண்ணீரோடு சேர்த்து, தொட்டிக்குள் ஊற்றும் தண்ணீரிலும் நைத்திரேற்றை (மீன் தொட்டியில் தீனியும் கழிவும் கடைசியில் மாறி நிற்கும் உப்பு, கூடினால் மீனுக்கு ஆகாது) அளந்து பாருங்கள். திருகோணமலையில் இது கட்டாயம். நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் நிலம் மணல். வெங்காயத்துக்குப் போடும் உரமும் மலசலகூடக் குழியின் கசிவும் மணலில் தங்காமல் நிலத்தடி நீருக்கு இறங்கிவிடும். கிணற்றுத் தண்ணீரிலேயே லீற்றருக்கு 30 மில்லிகிராம் நைத்திரேற்று இருந்தால், கிழமை தவறாமல் தண்ணீர் மாற்றினாலும் தொட்டி 30க்குக் கீழே இறங்காது. கந்தளாயிலிருந்து வரும் குழாய்த் தண்ணீர் என்றால் சங்கதி வேறு. அங்கே முதலில் பார்க்க வேண்டியது குளோரின். வாளியில் பிடித்து, காற்றுக் குமிழி விட்டு, ஒரு நாள் வைத்துப் பாவியுங்கள்.

அளக்கும்போது இரண்டு விஷயங்களில் கவனம் தேவை. திரவ டெஸ்ட் கிட்டின் இரண்டாம் போத்தலின் அடியில் தூள் படிந்திருக்கும். அதை அரை நிமிடமாவது பலமாகக் குலுக்காவிட்டால் 80 இருக்கும் தண்ணீரும் 10 என்று காட்டும். அடுத்தது அலகு. கிட்டின் அட்டையில் நைத்திரேற்று-நைதரசன் என்று போட்டிருந்தால், வரும் எண்ணை 4.4 ஆல் பெருக்க வேண்டும். கீழே சொல்லும் கணக்கெல்லாம் நைத்திரேற்றாகவே, லீற்றருக்கு மில்லிகிராமில்.

நன்னீர் மீனுக்கு 40க்குக் கீழே வைத்திருக்க வேண்டும். 20க்குக் கீழே என்றால் இன்னும் நல்லது. கடல்நீர்த் தொட்டியில் முருகை உயிர்கள் இருந்தால் 10ஐத் தாண்ட விடக்கூடாது.

ஒப்பிடுவதற்கு ஒரே தொட்டியை எடுத்துக்கொள்வோம். 100 லீற்றர் தண்ணீர், நாளுக்கு 1 கிராம் தீனி. தீனியில் 40 சதவீதம் புரதம் என்றால் அதில் ஏறத்தாழ 64 மில்லிகிராம் நைதரசன் உண்டு. மீன் உடம்பில் சேர்வது போக மீதி அமோனியாவாகி, நைத்திரைற்றாகி (nitrite), கடைசியில் நைத்திரேற்றாக (nitrate) நிற்கும். நாளுக்கு 2 மில்லிகிராம் வீதம் ஏறும் என்று வைத்தால் கிழமைக்கு 14.

தண்ணீர் மாற்றுவதை மட்டும் நம்பினால் என்ன ஆகும்? ஊற்றும் தண்ணீரில் நைத்திரேற்றே இல்லை, கிழமைக்குக் கால்வாசி மாற்றுகிறோம் என்றால் அளவு ஏறி ஏறி 56இல் போய் நிற்கும். மாற்றியவுடன் 42, அடுத்த கிழமை மறுபடியும் 56. பாதி மாற்றினால் 28க்கும் 14க்கும் இடையில் ஓடும். கிணற்றில் 30 இருந்தால் இந்த எண்கள் எல்லாவற்றோடும் 30ஐக் கூட்டிக்கொள்ளுங்கள்: பாதி மாற்றினாலும் 58, 44. ஃபில்டர் கட்ட வேண்டிய அவசியம் இந்த இரண்டாவது கூட்டத்துக்குத்தான். நல்ல தண்ணீர் வரும் வீட்டில் பெரிய வாளியை விடச் சிறந்த ஃபில்டர் கிடையாது.

இனி சுருள் குழாய். ஒட்சிசன் இல்லாத இடத்தில் வாழும் பற்றீரியாக்கள் நைத்திரேற்றில் இருக்கும் ஒட்சிசனைப் பிடுங்கிச் சுவாசிக்கும். மிஞ்சும் நைதரசன் வாயுவாகப் போய்விடும். அந்த இடத்தைச் செய்ய 4 இஞ்சி பிவிசி பைப்பில் 45 சென்ரிமீற்றர், இரண்டு மூடி, காற்றுப் பம்ப்புக்குப் போடும் மெல்லிய டியூப் 15 மீற்றர், ஒரு சேலைன் செட், கொஞ்சம் பியூமிஸ் கல் அல்லது உடைத்த செங்கல் போதும். டியூபைப் பைப்பின் உட்சுவரோடு வளையம் வளையமாக மேலிருந்து கீழே சுற்றிக் கொண்டுபோய் அடியில் திறந்து விடுங்கள். நடுவில் கல்லை நிரப்புங்கள். கீழ் மூடியைப் பிவிசி பசையால் ஒட்டுங்கள். மேல் மூடி மட்டும் மரை மூடியாக இருக்கட்டும், பிறகு கழுவத் திறக்க வேண்டிவரும். வெளிவாயை மேல் மூடியின் ஆக உயரமான இடத்தில் வைத்தால் உள்ளே உண்டாகும் வாயுவும் தண்ணீரோடு வெளியேறும்.

ஃபில்டரின் வெளிவரும் குழாயில் T வடிவ இணைப்பு ஒன்றைப் போட்டுச் சுருளுக்குத் தண்ணீர் கொடுக்கலாம். ஓட்டத்தைக் கட்டுப்படுத்த மீன் கடைப் பிளாஸ்டிக் வால்வு உதவாது. அதன் சின்னத் துளையில் இரண்டு நாளில் வழுவழுப்பு அடைத்து ஓட்டம் மாறிவிடும். பாமசியில் வாங்கும் சேலைன் செட்டின் உருளைக் கிளிப்பை வெளிவாய்ப் பக்கம் மாட்டுங்கள். துளி விழும் கண்ணாடியும் அதிலேயே இருப்பதால் கடிகாரத்தைப் பார்த்து எண்ணலாம். பைக்கற்றில் 20 துளி ஒரு மில்லிலீற்றர் என்று போட்டிருந்தால், நொடிக்கு ஒரு துளி என்பது நிமிடத்துக்கு 3 மில்லிலீற்றர், நாளுக்கு 4.3 லீற்றர். சுருளின் உள்விட்டம் 4 மில்லிமீற்றர் என்றால் தண்ணீர் அதைக் கடக்க ஒரு மணித்தியாலம் எடுக்கும். அந்த நேரத்துக்குள் குழாய்ச் சுவரில் படிந்த பற்றீரியா ஒட்சிசனைத் தின்று தீர்த்துவிடும்.

பற்றீரியாவுக்குக் கார்பன் உணவும் வேண்டும். 10 கிராம் சீனியை அரை லீற்றர் கொதித்தாறிய நீரில் கரைத்து ஃபிரிட்ஜில் வைத்து, உள்வாய் டியூபில் ஊசியால் ஏற்றலாம். நாளுக்கு 3 மில்லிலீற்றரில் தொடங்கி 10 வரை போகலாம். கரைசலைக் கிழமைக்கு ஒருமுறை புதிதாகச் செய்யுங்கள், புளித்துவிடும். சீனி கூடினால் வெளிவாயில் வெள்ளைச் சளி தொங்கும்.

பழக நாலு முதல் ஆறு கிழமை எடுக்கும். இடையில் வெளிவரும் தண்ணீரில் நைத்திரைற்று ஏறும். அது மீனுக்கு நைத்திரேற்றை விடப் பல மடங்கு நஞ்சு, ஆகவே அந்தத் தண்ணீரை வாளியில் பிடித்து ஊற்றிவிடுங்கள். இந்தக் கட்டத்தில் நைத்திரேற்றுக் கிட்டின் எண்ணையும் நம்பக் கூடாது. கிட் நைத்திரேற்றை நைத்திரைற்றாக மாற்றித்தான் நிறம் காட்டுகிறது, ஏற்கெனவே நைத்திரைற்று இருந்தால் அதையும் சேர்த்து எண்ணிவிடும். பழகிய பிறகும் நைத்திரைற்று வந்தால் ஓட்டம் வேகம் அல்லது சீனி போதாது. கூழ்முட்டை நாற்றம் வந்தால் ஓட்டம் மெதுவு. நைத்திரேற்று முழுக்கத் தீர்ந்து, பற்றீரியா சல்பேற்றில் கைவைத்து, ஐதரசன் சல்பைட்டு உண்டாகிறது என்று அர்த்தம்.

இவ்வளவு பாட்டுக்கும் கிடைப்பது என்ன? 4.3 லீற்றரில் இருந்த நைத்திரேற்று முழுவதும் போனாலும், அது நாளுக்கு 4.3 லீற்றர் சுத்தமான தண்ணீர் மாற்றியதற்குச் சமம், அவ்வளவுதான். நம் தொட்டியில் நாளுக்கு 200 மில்லிகிராம் சேர்கிறது. அதைச் சமாளிக்கத் தொட்டியில் 46 இருந்தாக வேண்டும், அதற்குக் கீழே இறங்காது. நொடிக்கு இரண்டு துளியாக்கிப் பற்றீரியா தாக்குப்பிடித்தால் 23.

கரண்ட் போவதும் சுருளின் எதிரி. ஓட்டம் நின்ற சில மணித்தியாலத்தில் உள்ளே தண்ணீர் அழுகத் தொடங்கும். கரண்ட் வந்தவுடன் அந்த நஞ்சு நேரே தொட்டிக்குப் போகும். கரண்ட் நீண்ட நேரம் நின்ற பிறகு வெளிவரும் முதல் இரண்டு லீற்றரையும் கட்டாயம் வெளியே விடுங்கள். கடல்நீரில் சல்பேற்று லீற்றருக்கு 2,700 மில்லிகிராம் அளவில் இருப்பதால் அங்கே ஆபத்து இன்னும் கூட. நாள்தோறும் துளி எண்ணப் பொறுமை உள்ளவருக்கு மட்டுமே சுருள் சரிவரும்.

சந்தையில் வாங்கும் ஒரு கட்டு கங்குன் கீரை இந்தச் சுருளைத் தோற்கடிக்கும் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. கணக்கைப் பாருங்கள். 100 கிராம் பச்சைக் கங்குனில் 0.3 முதல் 0.4 கிராம் வரை நைதரசன் உண்டு. நைத்திரேற்றாகச் சொன்னால் 1.3 முதல் 1.8 கிராம். நம் தொட்டியில் கிழமைக்குச் சேர்வது 1.4 கிராம். ஆக, கிழமைக்கு 100 கிராம் வெட்டி எடுத்தால் வரவும் செலவும் சரி. கங்குன் அமோனியாவையும் நேரடியாக எடுக்கும் என்பதால் நைத்திரேற்றாக மாறுவதற்கு முன்பே ஒரு பங்கு போய்விடும்.

பெட்டிக்கு 60 சென்ரிமீற்றர் நீளமான பிளாஸ்டிக் பூந்தொட்டி ஒன்று எடுத்து, தொட்டிக்கு மேலே அல்லது பக்கத்தில் உயரமாக வையுங்கள். அடியில் ஒரு துளை போட்டு, 20 மில்லிமீற்றர் பைப்பை 5 சென்ரிமீற்றர் உயரம் நிமிர்த்திப் பொருத்துங்கள், தண்ணீர் அந்த மட்டத்தில் நின்று வழிந்து தொட்டிக்குத் திரும்பும். அந்தப் பைப்பைச் சுற்றி வாள் அலகால் கீறல் போட்ட 2 இஞ்சிப் பைப் ஒன்றைக் கவசமாக நிறுத்த மறக்காதீர்கள். கங்குன் வேர் எந்தத் துளையையும் தேடிப் போய் அடைக்கும். பிறகு கழுவிய முக்கால் இஞ்சிக் கருங்கல் 7 சென்ரிமீற்றர் நிரப்புங்கள். கடற்கரையில் பொறுக்கிய முருகைக் கல், சிப்பி வேண்டாம், சுண்ணாம்பு கரைந்து தண்ணீரைக் கடினமாக்கும். சந்தேகமான கல்லில் வினாகிரி விட்டுப் பாருங்கள், சுண்ணாம்புக் கல் என்றால் நுரைக்கும்.

மணிக்கு 300 முதல் 500 லீற்றர் தள்ளும் சின்ன மூழ்கு பம்ப் போதும். அதைத் தொட்டியின் அடியில் போடாமல் நீர்மட்டத்திலிருந்து 10 சென்ரிமீற்றர் கீழே தொங்கவிடுங்கள். என்றைக்காவது வடிகுழாய் அடைத்துப் பெட்டி வழிந்தாலும் மேல் 10 சென்ரிமீற்றர்தான் வீட்டுத் தரைக்குப் போகும், மீன் தப்பும். தண்ணீர் விழும் குழாய் வாயும் பெட்டியின் நீர்மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கரண்ட் போனதும் பெட்டித் தண்ணீர் அதே குழாயால் திரும்பி இறங்கும்.

தடித்த தண்டாகப் பார்த்து 20 சென்ரிமீற்றர் நீளத்தில் 12 முதல் 15 துண்டு வெட்டுங்கள். மருந்து அடித்த கீரையாக இருக்கக்கூடும், ஆகவே இரண்டு நாள் வாளியில் வைத்துத் தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவிட்டு, கீழ் இலைகளைக் கிள்ளி, இரண்டு கணு கல்லுக்குள் போகும்படி குத்துங்கள். ஒரு கிழமைக்குள் கணுவில் வெள்ளை வேர் வந்துவிடும். மூன்று நாலு கிழமையில் முதல் வெட்டு, கல்லுக்கு மேல் இரண்டு கணு விட்டு வெட்டினால் மறுபடி துளிர்க்கும். வெட்டாமல் விட்டால் முற்றி, பழுத்து, இலை உதிர்ந்து, உறிஞ்சியதை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடும். பெட்டி வேலை செய்யவில்லை என்பவர்களில் பலர் வெட்டாதவர்கள்.

அடுத்த குறை வெயில். கங்குனுக்கு நாளுக்கு ஐந்து மணித்தியால வெயிலாவது வேண்டும், கிழக்குப் பார்த்த விறாந்தை தோது. தண்ணீர் நிற்கும் பெட்டியில் கல் மட்டம் நீருக்கு மேலே இருந்தால் நுளம்பு முட்டையிடாது. புது இலை வெளிறி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச் சத்துக் குறைவு. அடி இலையின் ஓரம் கருகினால் பொட்டாசியம் போதாது. நைத்திரேற்று நிறைய இருந்தும் இவை இல்லாவிட்டால் செடி வளராது. அசுகுணி வந்தால் தண்ணீரால் அடித்துக் கழுவுங்கள், பூச்சிமருந்து தொட்டியில் போய்ச் சேரும். தொட்டிக்கு மருந்து போட்டிருந்தால் அந்தக் கங்குனைச் சுண்டலுக்கு எடுக்க வேண்டாம்.

வெயில் விழாத அறையில் மணி பிளான்ட் வையுங்கள். அது மெதுவாகவே எடுக்கும், ஆனால் மங்கல் வெளிச்சத்திலும் சாகாது. கோல்ட் ஃபிஷ் வேரைக் கடித்துத் தின்னும், அதனால் வேரைத் தொட்டிக்குள் தொங்கவிடாமல் பெட்டிக்குள்ளேயே வையுங்கள்.

கடல்நீர்த் தொட்டியில் இரண்டு செடியும் செத்துப்போகும். அங்கே பாசித் திரைதான்: தண்ணீர் வழியும் திரையில் வளரும் பாசி நைத்திரேற்றை உறிஞ்சும், அதை வழித்து எடுத்துவிடுவோம். ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் ஆய்வாளராக இருந்த வோல்டர் ஏடி பெரிதாகச் செய்து 1982இல் காப்புரிமை பெற்ற முறை இது, வீட்டில் சின்னதாகவும் வேலை செய்யும். தையல் சாமான் கடையில் கம்பளி நூல் கோர்க்க விற்கும் பிளாஸ்டிக் கட்டத் தாளில் 10க்கு 15 சென்ரிமீற்றர் வெட்டி, இரு பக்கமும் வாள் அலகால் சுரண்டிச் சொரசொரப்பாக்குங்கள். பம்ப்பிலிருந்து தண்ணீர் வரும் பைப்பில் 3 மில்லிமீற்றர் அகலத்தில் நீளக் கீறல் போட்டு, தாளின் மேல் விளிம்பை அதில் செருகினால் தண்ணீர் இரு பக்கமும் படலமாக வழியும். அகலத்தின் ஒவ்வொரு சென்ரிமீற்றருக்கும் மணிக்கு 50 லீற்றர், ஆக 10 சென்ரிமீற்றருக்கு 500. இரு பக்கமும் 10 வாட் மஞ்சள் வெளிச்ச எல்இடி, 10 சென்ரிமீற்றர் தள்ளி, முதலில் ஒன்பது மணித்தியாலம், பாசி பிடித்த பிறகு பதினாறு வரை.

முதலில் பழுப்பாக வரும், பிறகுதான் பச்சை முடி. கிழமைக்கு ஒருமுறை தாளைக் கழற்றிப் பழைய பிளாஸ்டிக் அட்டையால் வழித்து, அடி வேர் மட்டும் நிற்கும்படி விடுங்கள். முழுக்கத் தேய்த்துக் கழுவினால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். பாசி தடித்தால் உள்படைக்கு வெளிச்சம் போகாமல் அழுகி, தாளாகக் கழன்று தொட்டியில் விழும். நன்னீரிலும் திரை வேலை செய்யும், ஆனால் பாசி வழுக்கிக் கொட்டும், கங்குன் இருக்கும் இடத்தில் அது தேவையில்லை. உப்புத் தெறிப்பு எல்இடியின் வயரைத் தின்னும், மூடிய பல்புதான் வாங்க வேண்டும்.

தொட்டிக்குக் கடல்நீர் அள்ளுபவர்கள் மார்கழி மழையில் கொட்டியாரக் குடாப் பக்கம் போகாதீர்கள். மகாவலி வெள்ளம் விழுந்து உப்பும் குறையும், வயல் உரமும் சேரும். புறாத்தீவு 2003இலிருந்து தேசியப் பூங்கா, அங்கே ஒரு முருகைத் துண்டும் எடுக்கக் கூடாது. பற்றீரியா குடியிருக்க உடைத்த செங்கல் போதும்.

அதே மழை நன்னீர்க்காரருக்கு உதவும். முதல் மழை கூரையைக் கழுவிப் போன பிறகு ஓட்டுக் கூரையிலிருந்து பீப்பாய் நிரப்புங்கள். தகரக் கூரையில் துத்தநாகம் கரையும், அது வேண்டாம். மழைநீரில் நைத்திரேற்று மிகக் குறைவு, உப்புச் சத்தும் இல்லை. கிணற்று நீரோடு பாதிக்குப் பாதி கலந்தால் 30 என்பது 15 அளவுக்கு இறங்கும்.

தொட்டி ஏற்கெனவே 100ஐத் தாண்டி நின்றால் ஒரே நாளில் இறக்காதீர்கள். அப்படிப்பட்ட பழைய தொட்டியில் பிஎச்சும் (அமிலத் தன்மையைக் காட்டும் எண்) விழுந்திருக்கும், மீன் அதற்குப் பழகியிருக்கும். இரண்டு நாளுக்கு ஒருமுறை பத்தில் ஒரு பங்கு மாற்றி, ஒவ்வொரு முறையும் பிஎச் பார்த்து, 50க்கு வந்த பிறகு பெட்டியில் கங்குனைக் குத்துங்கள்.