கைப்பிடி சுற்றித் தூவும் கருவியில் டோலமைட்: பல்சக்கரம் மாற்றிய கையோடு எழுதுகிறேன்

நெஞ்சில் மாட்டிக்கொண்டு கைப்பிடியைச் சுற்றித் தூவுகிற கருவிக்குப் பல்சக்கரம் மாற்றி, வத்தலக்குண்டுப் பட்டறையிலிருந்து இப்போதுதான் வாங்கி வந்தேன். பண்ணைக்காட்டு நண்பர் ஒருவரும் "ஆரஞ்சுக்குச் சுண்ணாம்பு போட இதையே வாங்கலாமாண்ணே?" என்று கேட்டிருக்கிறார். அவருக்குச் சொல்வதை எல்லோருக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

பை எவ்வளவு பிடிக்கும், விலை என்ன என்பதெல்லாம் கடையிலேயே தெரிந்துவிடும், விடுங்கள். என் எரிச்சல் ஒன்றே ஒன்றுதான். இதற்குள் பொடி இறங்காது. டோலமைட்டை, அதாவது மக்னீசியம் கலந்த சுண்ணாம்புக்கல் பொடியை, கொட்டிச் சுற்ற ஆரம்பித்தால் முதல் மரத்துக்கு அழகாக விழும், இரண்டாவது மரத்துக்கும் விழும், அப்புறம் கைப்பிடி சுற்றும், அடியில் பொடியை வீசுகிற தட்டும் சுற்றும், வெள்ளையாக எதுவுமே வராது. மூடியைத் திறந்து பார்த்தால் பை நிறையப் பொடி இருக்கும். அடியில் திறப்புக்கு நேர் மேலே குகை மாதிரி ஒரு பள்ளம் விழுந்திருக்கும், அதைச் சுற்றிப் பொடி கெட்டியாக வளைந்து நிற்கும். பையைத் தட்டினால் மொத்தமாகச் சரிந்து விழுந்து, ஒரே இடத்தில் ஒரு கிலோ குவிகிறது. காலையில் மூடுபனி ஏறியிருந்தால் இன்னும் மோசம், பிரித்து வைத்த மூட்டை கொஞ்சம் ஈரம் வாங்கினாலே போதும்.

இது சின்ன விஷயமில்லை. கீழ்ப்பழனி மலைக்காரர்களுக்கு அமில மண்ணைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, என் தோட்டத்து மண்ணின் பி.எச். 5.1 (ஏழுக்குக் கீழே இறங்க இறங்கப் புளிப்பு அதிகம்). பி.எச். இவ்வளவு இறங்கினால் மண்ணில் அலுமினியம் கரைந்து வேர் நுனியைக் கருக்கும், நாம் போடுகிற மணிச்சத்தையும் (பாஸ்பரஸ்) மண்ணே பிடித்து வைத்துக்கொள்ளும். அதற்காகத்தான் சுண்ணாம்பு. ஆனால் சுண்ணாம்பு யூரியா மாதிரி தண்ணீரில் கரைந்து ஓடுகிற சரக்கு கிடையாது. தூள் எந்த மண்ணைத் தொடுகிறதோ அங்கேதான் வேலை செய்யும், பக்கவாட்டில் அநேகமாக நகரவே நகராது. ஒரு இடத்தில் குவிந்தால் அங்கே மண் காரமாகி, துத்தநாகமும் இரும்பும் வேருக்குக் கிடைக்காமல் ஆரஞ்சு இலை நரம்புக்கு இடையில் மஞ்சளிக்கும். ஒரு அடி தள்ளி மண் பழைய புளிப்பிலேயே இருக்கும். அதனால் மரத்துக்கு இரண்டு கிலோவா மூன்று கிலோவா என்பதைவிட, அது எவ்வளவு சீராக விழுந்தது என்பதைத்தான் நான் பார்ப்பேன்.

அந்தச் சீர் விஷயத்தில் இந்தக் கருவியை அடித்துக்கொள்ள ஆளில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். திறப்பைச் சிறியதில் வைத்து, அடிமரத்திலிருந்து ஒரு அடி விட்டு, கிளை நுனி நிழல் விழுகிற வட்டத்தை ஒட்டி நடந்துகொண்டே மெதுவாகச் சுற்றினால், பொடி இறங்குகிற வரையில், சருகின் மேல் மெல்லிய வெள்ளைப் படலமாக விழுகிறது. குனிந்து பார்த்தேன், எங்கேயும் திட்டு இல்லை, எந்தச் சருகும் விட்டுப்போகவில்லை. கையால் வீசி இப்படிப் போட எங்கள் தோட்டத்தில் ஒருவராலும் முடியாது. சரிவில் ஏறி இறங்கும்போதும் தோள்பட்டை அறுப்பதில்லை. குருணையாக உருட்டிய டோலமைட் கிடைத்தபோது போட்டுப் பார்த்தேன், ஒரு தடவைகூட நிற்காமல் ஓடியது. ஆனால் குருணை விலை அதிகம், நினைத்த நேரத்தில் கிடைப்பதும் இல்லை. மலையில் நமக்குக் கிடைப்பது பொடி மூட்டைதான்.

பல்சக்கரம் போன கதையும் இந்தப் பொடியால் வந்ததுதான். பல்சக்கரம் இருக்கிற பெட்டியைத் திறந்து பட்டறைக்காரர் காட்டினார். கிரீஸும் சுண்ணாம்புத் தூளும் சேர்ந்து சாம்பல் நிறக் களிம்பாகி, நைலான் பற்களை அரம் போட்டது போல் தேய்த்திருந்தது. பற்கள் ஒரு பக்கமாகக் கூர்மையாகிவிட்டன. தண்டு நுழைகிற இடத்தில் ஒரு நமுதா (அழுத்திய கம்பளி) வளையம் வைத்திருந்தால் தூள் உள்ளே போயிருக்காது, அதன் விலை பத்து ரூபாய் இருக்குமா? பெட்டிக்கு வெளியே சுண்ணாம்புக்கும் ஏற்றது என்று அச்சடித்துவிட்டு உள்ளே அதை வைக்காமல் விட்டதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. பட்டறைக்காரர் வளையம் போட்டார். தண்டில் சைக்கிள் போக்ஸ் கம்பி ஒன்றை வளைத்துக் கட்டி, சுற்றும்போது அது பொடியைக் கிளறும்படியும் செய்து கொடுத்தார். இப்போது பரவாயில்லை. மணல் சல்லடையில் சலித்துப் போட்டால் ஏழெட்டு மரம் வரை நிற்காமல் போகிறது. காய்ந்த மணல் கலந்தாலும் இறங்கும், ஆனால் அந்த மணலையும் சேர்த்து மேட்டுக்குச் சுமக்க வேண்டும்.

மற்ற வழிகளையும் கேட்பீர்கள். டிராக்டரில் மாட்டுகிற புனல் கருவி சமவெளித் தோப்புக்கு, நம் சரிவுக்கு டிராக்டரே வராது. முதுகில் மாட்டும் மோட்டார் ஊதுவானில் தூள் குழாய் பொருத்திப் போடச் சொல்பவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். பாதி காற்றோடு போகும், மீதியில் பாதி இலையில் ஒட்டும், வேலை செய்கிறவர் நெஞ்சுக்குள்ளும் போகும். நீற்றிய சுண்ணாம்பாக இருந்தால் கண்ணுக்கே ஆபத்து. எந்தக் கருவியானாலும் முகக்கவசமும் கண்ணாடியும் கட்டாயம் கொடுங்கள்.

இப்போது எங்கள் தோட்டத்தில் அதிகம் ஓடுவது இருபது லிட்டர் பெயின்ட் வாளி. அடியில் ஆணியால் நெருக்கமாகத் துளை போட்டது. கோலப்பொடி டப்பாவைத் தட்டுவது போல மரத்தைச் சுற்றித் தட்டிக்கொண்டே நடக்க வேண்டும். படலம் கருவி அளவுக்குச் சீராக வராது, கொஞ்சம் திட்டு விழும். கை வலிக்கும். ஆனால் நிற்காது. கோடை மழைக்கும் மண் காய்வதற்கும் நடுவில் கிடைக்கிற அந்தக் கொஞ்ச நாளில் தூவி, களைக்கொத்தால் மேலாகக் கிளறிவிட வேண்டும். உரத்தோடு கலக்காமல் இரண்டு மூன்று வாரம் இடைவெளியும் விட வேண்டும். இந்த அவசரத்தில் நிற்காமல் ஓடுவதுதான் எனக்கு வேண்டும்.

ஆகவே நண்பரே, வாங்க வேண்டாம். இவ்வளவு பாராட்டிவிட்டு இப்படிச் சொல்வது எனக்கே கஷ்டமாக இருக்கிறது, என் கருவியை விலைக்குக் கேட்டாலும் தர மாட்டேன். அந்த வெள்ளைப் படலம் விழுகிற அழகுக்காகவே வைத்துக்கொள்வேன். ஆனால் புதிதாகப் பணம் போடச் சொல்ல மனசு வரவில்லை. வாங்கியே தீருவேன் என்றால், கடைக்காரர் யூரியாவைக் கொட்டிச் சுற்றிக் காட்டுவதை நம்பாதீர்கள், யூரியா எதிலும் ஓடும். உங்கள் மூட்டையிலிருந்து ஐந்து கிலோ டோலமைட்டை எடுத்துக்கொண்டு போய், அதைக் கொட்டிச் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால் அடுத்த கடைக்குப் போங்கள்.